மேம்பாலத்தில் பழகிய ஷூ

வலது கால் ஷூ கழலவில்லை.

திருநாவுக்கரசு கடை ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் குதிகாலைப் பிடித்து இழுத்தார். முகம் சிவந்ததே தவிர ஷூ அசையவில்லை. சிதம்பரம் தெற்கு வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலக் கூட்டம். செருப்பு வாங்க வந்த நான்கு குடும்பங்கள் வந்த வேலையை மறந்துவிட்டு அவரைச் சுற்றி நின்றன.

"மாமா, மூச்ச இழுத்துப் புடிங்க" என்றான் செம்பியன்.

"மூச்சுக்கும் காலுக்கும் என்னாடா சம்மந்தம்?"

"வயிறு உள்ள போனாத்தான குனிய முடியும்?"

செம்பியன் அவருடைய மனைவியின் தம்பி. செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். போனைத் திறந்து மூடத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லாமே தெரியும் என்பது அவனுடைய நம்பிக்கை. அவனுடைய அக்கா கனிமொழியும் அப்படியே நம்பியதுதான் திருநாவுக்கரசின் தலையெழுத்து.

கடைக்காரர் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து ஷூவுக்குள் கொட்டினார்.

"எட்டாம் நம்பர் வேணும்னு நீங்கதான சார் கேட்டீங்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து எட்டுதான்யா போடறேன்."

"அது செருப்பு சார். வெரலு வெளிய நீட்டிக்கும். ஷூவுல வெரலு எங்க போவும்?"

கடைசியில் கடைக்காரர் அவரை அக்குளுக்குக் கீழே கட்டிப் பிடித்துக்கொள்ள, செம்பியன் காலை இழுத்தான். டப்பென்று ஒரு சத்தம். ஷூ பறந்து போய்ப் பள்ளிக்கூட ஷூ அடுக்கைச் சரித்துவிட்டு விழுந்தது. கூட்டத்தில் ஒரு அம்மாள் கை தட்டினாள்.

"இதுலயே பெரிய நம்பர் இருக்கா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் திருநாவுக்கரசு.

"இல்ல சார். மலையேறுற ஷூன்னு இந்தக் கடைக்கு வந்து கேட்டவரு நீங்க ஒருத்தர்தான். நம்மூர்ல மலைய பாக்கணும்னாலே பஸ்ஸு ஏறணும்."

உண்மைதான். சுற்றிலும் நெல் வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கிற ஊர். நாற்பத்தொன்பது வயதில் திருநாவுக்கரசு ஏறிய மிக உயரமான இடம் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. அதிலும் பாதி ஏணியில் தலை சுற்றுகிறது என்று இறங்கிவிட்டவர்.

அப்படிப்பட்டவருக்கு மலையேறும் ஆசை வந்ததற்குக் காரணம், வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்க வேண்டும் என்ற இன்னொரு ஆசை.

செம்பொன் விதை நிறுவனத்தின் கடலூர் மண்டல அலுவலகத்தில் அவர் முதுநிலை உதவியாளர். பதினான்கு வருடமாகச் சிதம்பரத்திலிருந்து தினமும் போய் வருகிறார். காலை ஏழு பத்து பஸ். மாலை ஐந்தடித்ததும் டிபன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். அலுவலகத்தில் ஐந்து மணிக்கு மேல் டீயும் வம்பும் நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார், பார்த்ததில்லை.

"நீங்க குடியிருக்கிறது கடலூர் பஸ்ஸுல. இங்க சும்மா விருந்தாளியா வந்துட்டுப் போறீங்க" என்பாள் கனிமொழி.

சிதம்பரம் கிளை மேலாளர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். கிளை இருப்பது மேலவீதியில். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். மதியம் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுக்கூடப் போகலாம். அந்த நாற்காலியை யாருக்குக் கொடுப்பது என்பது புதிதாக வந்திருந்த மண்டல மேலாளர் ஸ்ரீமதியின் கையில் இருந்தது.

ஸ்ரீமதிக்கு முப்பத்து மூன்று வயது. சிரித்த முகம். அவருடைய அறையில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் பனி மலைப் படம் இருந்தது. போன வாரக் கூட்டத்தில், "அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழம எல்லாரும் செஞ்சி ராஜகிரிக் கோட்டை ஏறப் போறோம். யார் யாருக்கு விருப்பம்?" என்று கேட்டார்.

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். ஒரே ஒரு கை உயர்ந்தது.

"ட்ரெக்கிங் பழக்கம் உண்டா சார்?"

"மலைன்னா எனக்கு உயிர் மேடம்!" என்றார் திருநாவுக்கரசு.

"வெரி குட். ஷூ ரொம்ப முக்கியம் சார். நல்லதா வாங்கி மூணு வாரமாவது போட்டுப் பழகுங்க. புது ஷூவோட மலையில கால் வெக்காதீங்க."

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் சகாக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் முக்கியமானவர் ராஜமாணிக்கம். அவரும் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கீரப்பாளையத்துக்காரர்தான், கடலூரில் வாடகைக்குக் குடியிருந்தார். அந்த நாற்காலிமேல் அவருக்கும் கண் உண்டு. அவர் கோபப்படுவார் என்று திருநாவுக்கரசு எதிர்பார்த்தார். ஆனால் ராஜமாணிக்கம் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதான் சார் இந்த ஆபீஸ் மானத்தக் காப்பாத்தப் போறீங்க. எனக்கு முட்டி தேஞ்சிபோச்சின்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எப்போ சார்?"

"நேத்துதான்."

ராஜமாணிக்கம் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துபோனார். மறுநாள் கணக்குப் பிரிவு ஜான்சி மேடம் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த நாள் விதை ஆய்வகத்தில் இரண்டு பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இத்தனை நோஞ்சான்களோடா பதினான்கு வருடம் வேலை பார்த்தோம் என்று திருநாவுக்கரசு இரக்கப்பட்டார். போட்டிக்கு ஆள் இல்லை என்று உள்ளுக்குள் குதூகலமாகவும் இருந்தது.

மிச்சம் இருந்த ஒரே சிக்கல், ஷூ.

"கடையில வாங்கினாத்தான் மாமா இந்தத் தொல்ல" என்றான் செம்பியன். "நாப்பது வீடியோ பாத்துட்டேன். போன்ல ஆர்டர் போட்டு வுடறேன். ரெண்டு நம்பர் பெருசா, பத்து போட்டுடறேன். அசல் தோலு. தண்ணி உள்ள போவாது. ஆயுசுக்கும் வரும்."

"யாரு ஆயுசுக்கு?"

"ஷூ ஆயுசுக்கு மாமா."

நான்காம் நாள் பெட்டி வந்தது. ஷூ கம்பீரமாகத்தான் இருந்தது. கனத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு அம்மிக் குழவி. காலை விட்டார். கால் உள்ளே போய், சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்தது.

"எடுப்பா இருக்குதுங்க" என்றாள் கனிமொழி. "பழகிட்டா சரியாயிடும். எங்க பழகுவீங்க?"

அதுதான் கேள்வி. ஊரில் மேடு என்று இருந்தது ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். மறுநாள் விடிந்ததும் திருநாவுக்கரசு அங்கே போனார். மலையேறுகிறவர்கள் முதுகில் பாரம் சுமப்பார்கள் என்று செம்பியன் சொன்னதால், தோள்பையில் பத்து கிலோ அரிசி.

முதல் முறை ஏறினார். இறங்கினார். ஏறும்போது குதிகால் தனியாக மேலே வந்தது. இறங்கும்போது கால் முழுவதும் முன்னால் வழுக்கிக்கொண்டு போய், பெருவிரல் ஷூவின் சுவரில் மோதியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'ஆ'. ஏழாவது முறை இறங்கும்போது எதிரே ஒரு போலீஸ்காரர் பைக்கை நிறுத்தினார்.

"சார், விடிஞ்சதுலேர்ந்து பாக்குறேன். ஏறுறீங்க, எறங்குறீங்க, அழுவுறீங்க. வீட்டுல எதனா பிரச்சனையா?"

"இல்ல சார். ஷூ பழகுறேன்."

"எதுக்கு?"

"மலையேற."

"இது பாலம் சார்."

"ஊர்ல வேற மேடு இல்லயே சார்."

போலீஸ்காரரின் கண் பையின்மேல் போனது.

"பைக்குள்ள என்னா?"

"அரிசி."

"எவ்ளோ?"

"பத்து கிலோ."

போலீஸ்காரரின் குரல் மாறியது. "ரேஷன் அரிசியா?"

"ஐயோ, பொன்னி சார்! வீட்டு அரிசி!"

"வீட்டு அரிசிய எதுக்குய்யா பாலத்துமேல ஏத்தி எறக்குற? அந்தப் பக்கம் ஆளு யாரு நிக்கிறான்?"

போன் போனதும் கனிமொழி ஸ்கூட்டியில் வந்து, ஒரு பிடி அரிசியை அள்ளிக் காட்டி, ஒரு அரிசியைக் கடித்தும் காட்டி, புருஷனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது பெருவிரல் நகம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

"பெருசா இருந்தா என்னா மாமா, அடைச்சிடுவோம்" என்றான் செம்பியன். பழைய மெத்தை ஒன்றைக் கிழித்து அதிலிருந்த பஞ்சு ரப்பரை வெட்டி ஷூவுக்குள் இரண்டு அடுக்கு திணித்தான்.

இப்போது கால் ஆடவில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் 'கீச்' என்று சத்தம் வந்தது. அதுவும் வலது கால் 'கீச்', இடது கால் 'கூச்'. அலுவலகத்தில் அவர் மாடிப்படி ஏறும்போதே இரண்டாம் மாடியில் பேச்சு நின்றுவிடும். அலுவலக உதவியாளர் விருத்தாம்பாள் துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

"பெருச்சாளி பூந்துட்டுதுன்னு நெனச்சேன் சார்."

"ஷூம்மா."

விருத்தாம்பாள் அந்த ஷூவை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்ளோ சிரமப்பட்டுப் போவணுமா சார்?" என்று கேட்டாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ராஜமாணிக்கம் நொண்டிக்கொண்டே வந்து, "அம்மா, மேடம் கூப்புடுறாங்க" என்று அவளை அனுப்பிவிட்டார்.

ஸ்ரீமதி மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பழகுறீங்களா சார்? சூப்பர்!" என்று கட்டை விரலைக் காட்டினார். அந்தக் கட்டை விரலில் திருநாவுக்கரசுக்கு மேலவீதிக் கிளையின் பெயர்ப்பலகை தெரிந்தது.

ஆனால் பஞ்சு ரப்பருக்குள் கால் வெந்தது. இரண்டு நாளில் குதிகாலில் இலந்தைப் பழம் அளவுக்குக் கொப்புளங்கள். மலைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி.

"தோலு ஷூவுக்கு ஒரு ரகசியம் இருக்குது மாமா" என்றான் செம்பியன். "விடிய விடிய தண்ணியில ஊறப் போடணும். காலையில ஈரத்தோட கால்ல மாட்டிக்கிட்டு அப்படியே காய வுடணும். காய காய சுருங்கி, ஒங்க கால் அளவுக்கு அச்சு எடுத்தாப்ல ஒக்காந்துக்கும்."

"தண்ணி உள்ள போவாதுன்னு சொன்னியேடா?"

"அதனாலதான் விடிய விடிய."

ஈர ஷூவோடு அவர் ஏழு பத்து பஸ்ஸில் ஏறினார். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் புறப்பட்டு, சீட்டுகளுக்கு அடியில் ஓடி, படிக்கட்டில் விழுந்தது. ஊறிய தோலும் பழைய மெத்தையும் கலந்து ஒரு வாசனை எழும்பியது. புதுச்சத்திரம் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"மீன் கூடைய பின்னால வெய்யிங்க சார்" என்றார் கண்டக்டர்.

"மீன் இல்ல. கால்."

நிற்பதற்கே இடமில்லாத பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் திருநாவுக்கரசு தனியாகப் பயணம் செய்தார். பதினான்கு வருடத்தில் அது ஒன்றுதான் சுகமான பயணம்.

கடலூர் பஸ் நிலையத்தில் இறங்கினார். இடது கால் தரையில் பட்டது. வலது காலும் பட்டது. ஆனால் சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தார். மேல்பாகம் மட்டும் காலில் இருந்தது. அடிப்பாகம் முழுசாகப் பெயர்ந்து பஸ் படியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"யோவ், நிறுத்துய்யா! சோலு!"

பஸ் புறப்பட்டுவிட்டது. ஆயுசுக்கும் வர வேண்டிய சோல் அவரை விட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனது.

ஒரு கால் உயரம், ஒரு கால் குள்ளம். திருநாவுக்கரசு சாய்ந்து சாய்ந்து அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் நொண்டுவதைப் பார்த்ததும் அலுவலகமே எழுந்து நின்றது. ஜான்சி மேடம் கையிலிருந்த டீயைக் கொட்டிவிட்டார். ராஜமாணிக்கம் ஓடிவந்தார்.

"சார்! கால்ல என்னா ஆச்சி? எலும்பு ஒண்ணும் ஒடையலியே? சனிக்கிழம வருவீங்கள்ல?"

"ஷூதான் சார் போச்சி. கால் நல்லாத்தான் இருக்குது. ஆனா போறது சந்தேகம்தான். மேடம்கிட்ட சொல்லிடலாம்னு…"

"அந்தப் பேச்சே வேணாம்!" ராஜமாணிக்கத்தின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. "ஒங்கள மாதிரி ஒருத்தர் பின்வாங்கலாமா? சாயங்காலம் என்கூட வாங்க. ஓல்டு டவுன்ல தங்கம்மாக்கான்னு ஒருத்தவங்க கடை வெச்சிருக்காங்க. அவுங்ககிட்ட காலக் காட்டுங்க. பஸ்ஸுல ஏத்தி வுடறது என் பொறுப்பு."

போட்டியாளன் என்று நினைத்தவன் இப்படி உருகுகிறானே என்று திருநாவுக்கரசுக்கும் கண் கலங்கியது. ஐந்து மணிக்கு ராஜமாணிக்கம் வேறு யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதற்கு முன்பே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினார். தன் பைக்கை நிறுத்திவிட்டுக் கடைத் தெருவில் அவர் நடந்த வேகத்துக்குத் திருநாவுக்கரசால் ஈடுகொடுக்க முடியவில்லை. முட்டி தேய்ந்தவராக இருந்தும் நண்பனுக்காக எப்படி நடக்கிறார்!

தங்கம்மாள் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகிறவர்களுக்கு ஷூ விற்பவள். ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம். அவர் கொண்டுவந்திருந்த ஷூவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

"என்னா நம்பர் போடுவீங்க?"

"எட்டு. இல்ல, பத்து. இல்ல…"

"நம்பர மறங்க. காலக் குடுங்க."

தரையில் அட்டையைப் போட்டு அவரை எழுந்து நிற்கச் சொல்லி, இரண்டு காலையும் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாள். இடது காலைவிட வலது கால் அரை விரற்கடை நீளம். நாற்பத்தொன்பது வருடமாக அவருக்கே தெரியாத விஷயம்.

"பெரிய காலுக்குத்தான் வாங்கணும். அதுவும் சாயங்காலமா வந்து வாங்கணும். நடந்து நடந்து கால் வீங்கியிருக்கும், மலையிலயும் அப்படித்தான் வீங்கும். நீங்க காலையில வந்திருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன். இப்ப இந்த காலொறய மாட்டுங்க. மலைக்கு எந்த காலொற போடறீங்களோ அத போட்டுத்தான் ஷூவ பாக்கணும்."

ஒரு ஜோடியை எடுத்து முறுக்கிப் பார்த்தாள், முறுகவில்லை. முன்பக்கம் மடக்கிப் பார்த்தாள். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்கியது. தூக்கிக் கொடுத்தாள். அம்மிக் குழவி இல்லை. ஆளைத் தூக்கிவிடும் போல லேசாக இருந்தது. அடியில் டிராக்டர் டயர் மாதிரிப் பள்ளம் பள்ளமாக வரி.

அவர் மாட்டி லேஸைக் கட்டியதும், மூட்டை ஏற்றும் சாய்வுப் பலகையைக் காட்டினாள்.

"ஏறி எறங்குங்க. எறங்கும்போது வெரலு முன்னால முட்டுதா?"

"முட்டல."

"குதிகால் தூக்குதா?"

"தூக்கல."

"எங்கனா கடிக்குதா? வெக்கப்படாம சொல்லுங்க. மாப்ள தோழன் மாதிரி கூடவே வரப்போறது அது."

"கடிக்கலம்மா." திருநாவுக்கரசுக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு முறை ஏறினார். இறங்கினார். குழந்தை மாதிரி ஒரு குதி குதித்தார். "காலுல ஷூ இருக்கிறதே தெரியலம்மா!"

"அப்ப அதான் ஒங்க ஷூ. ஒரு வாரம் வீட்டுலயும் ஆபீஸ்லயும் போட்டுக்கிட்டே திரிங்க. போதும்."

அவரைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் ராஜமாணிக்கம்தான். அக்காவுக்கு இரண்டு முறை கும்பிடு போட்டார். பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்து, பஸ் கண்ணுக்கு மறையும்வரை கையாட்டினார்.

சனிக்கிழமை வந்தது. பெயர் கொடுத்தவர், கொடுக்காதவர் எல்லோரும் வர வேண்டும் என்று ஸ்ரீமதி சொல்லியிருந்ததால் வேன் நிறைந்திருந்தது. செஞ்சியில் இறங்கியபோது திருநாவுக்கரசு தன் சகாக்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். பதினோரு பேரும் ரப்பர் செருப்பில் வந்திருந்தார்கள். அதிலும் ஒருவருடையது இரண்டும் இடது கால் செருப்பு. ஜான்சி மேடத்தின் ஒரு முழங்காலில் இருந்த பட்டை இரண்டு முழங்காலுக்கும் பரவியிருந்தது. ராஜமாணிக்கம் எங்கிருந்தோ ஒரு ஊன்றுகோலே கொண்டுவந்திருந்தார்.

"முயற்சி பண்றோம் மேடம்" என்றார் ராஜமாணிக்கம் முனகலாக.

முப்பதாவது படியில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். முதல் மண்டபத்தில் மற்றவர்கள் படுத்தே விட்டார்கள். தைல வாசனை மலை முழுக்க வீசியது.

திருநாவுக்கரசு ஏறினார். படி ஏறினார், பாறை ஏறினார். குரங்குகள் ஒதுங்கி வழிவிட்டன. பாறைச் சரிவில் ஷூ பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. நடுவழியில் நெஞ்சு படபடத்தபோது மேலவீதியை நினைத்துக்கொண்டார். மூச்சு முட்டியபோது மதியத் தூக்கத்தை நினைத்துக்கொண்டார். தலை சுற்றியபோது ஏழு பத்து பஸ்ஸை நினைத்துக்கொண்டார். அது அவரைக் கடைசிப் படிவரை விரட்டியது. உச்சிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். ஐந்து நிமிடம் கழித்து ஸ்ரீமதி வந்து சேர்ந்தார்.

"கிரேட் சார்! ஒங்க வயசுல இப்படி ஒருத்தர நான் பாத்ததே இல்ல. மத்தவங்கள்லாம்?"

"கீழ… ஓய்வு எடுக்குறாங்க மேடம். பாவம், ஒடம்பு முடியாதவங்க."

காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. கீழே வயல்கள் கோலப்புள்ளிகளாகத் தெரிந்தன. ஸ்ரீமதி பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"சார், ஒங்கள ஒண்ணு கேக்கலாமா? ஒரு எடத்துக்கு முழுப் பொறுப்பும் குடுத்தா தனியா பாத்துக்குவீங்களா?"

திருநாவுக்கரசு நிமிர்ந்து நின்றார். "கண்டிப்பா மேடம்! பதினாலு வருஷ அனுபவம்."

"கடலூரு மாதிரி வசதியெல்லாம் இருக்காது."

"வசதி யாருக்கு மேடம் வேணும்? மனசுக்குப் புடிச்ச எடமா இருந்தா போதும்." சிதம்பரம் கிளையில் மின்விசிறி சரியாக ஓடாது என்று அவருக்குத் தெரியும்.

"வீட்டுல ஒத்துக்குவாங்களா?"

"என் வொய்ஃபே தினம் சாமிகிட்ட வேண்டிக்கிறாங்க மேடம்."

ஸ்ரீமதி ஆச்சரியத்தோடு எழுதிக்கொண்டார். "கடைசியா ஒண்ணு. வேலைக்கு தினமும் நடந்துதான் போக வேண்டியிருக்கும். பரவாயில்லயா?"

"மேடம்!" திருநாவுக்கரசு கை கூப்பிவிட்டார். "தினம் நடந்தே வேலைக்குப் போவணும்கிறதுதான் மேடம் என் வாழ்நாள் கனவு!"

ஸ்ரீமதி நோட்டை மூடினார். "எத்தன பேர கேட்டேன் தெரியுமா சார்? யாருக்கும் இந்த ஆர்வம் இல்ல. திங்கக்கிழம ஆர்டர் குடுத்துடறேன்."

உச்சியிலிருந்தே அவர் கனிமொழிக்குப் போன் செய்தார். "கெடச்சிடுச்சி! கனி, கெடச்சிடுச்சி!" காற்றில் அவளுக்குப் பாதிதான் கேட்டது, அந்தப் பாதியே அவளை அழவைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் மதியத் தூக்கத்துக்காக ஒரு புதுத் தலையணை வாங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை இரண்டு கிலோ முந்திரி கேக்கோடு திருநாவுக்கரசு அலுவலகத்துக்குள் நுழைந்தார். காலில் அதே ஷூ. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கைதட்டல் எழுந்தது. ஜான்சி மேடம் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார், பட்டையைக் காணோம். இடுப்புப் பிடித்தவர்கள் குனிந்து நிமிர்ந்து கை கொடுத்தார்கள். ராஜமாணிக்கம் படி தாவி ஓடிவந்து அவரை அப்படியே கட்டித் தூக்கிவிட்டார்.

"ஒங்க நல்ல மனசுக்கு நீங்க நல்லா இருக்கணும் சார்!"

"ஒங்களுக்குத்தான் சார் வருத்தமா இருக்கும்" என்றார் திருநாவுக்கரசு. "நீங்களும் ஆசப்பட்ட எடம்."

ராஜமாணிக்கம் முந்திரி கேக்கை மென்றுகொண்டே அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அப்போது மேலாளர் அறையிலிருந்து விருத்தாம்பாள் ஒரு பழுப்புக் கவரோடு வந்தாள். திருநாவுக்கரசு அவள் கையில் பெரிய துண்டாகப் பார்த்து ஒரு முந்திரி கேக்கை வைத்தார்.

"எடுத்துக்கம்மா. இனிமே அஞ்சு மணிக்கு ஓடுற வேல இல்ல. வீட்டுலேர்ந்து நடந்தே போயிடுவேன். மிஞ்சிப்போனா பத்து நிமிஷம்."

விருத்தாம்பாள் கேக்கைக் கடிக்கவில்லை. கவரைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். பிறகு கேக்கை மெதுவாக டப்பாவிலேயே திரும்ப வைத்தாள்.

"கல்வராயன் மலையில புதுசா தெறக்குற தெனை கெடங்குக்கு, ஜீப்பு நிக்கிற எடத்துலேர்ந்தே ஒம்போது கிலோமீட்டர் ஏறணும் சார், அதுக்கு ஆளு புடிக்கத்தான் மேடம் மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சிதான இவுங்கள்லாம் மூணு வாரமா நொண்டுனாங்க!"